ஒரே வரியில் எழுதச் சொன்னவர்

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளிக்கு வரும் காலை பஸ்ஸின் கண்டக்டர் முனுசாமி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால், அவர் கையில் ஒரு காகிதச் சுருள் இருக்கும். பழைய செய்தித்தாளில் சுற்றி, வெள்ளை நூலால் மூன்று சுற்றுக் கட்டி, மேலே சிவப்பு மையில் ஒரு தேதி போட்டிருக்கும். உள்ளே ஏதாவது ஒரு விண்ணப்பப் படிவம். மேலே இருப்பது அதற்கான கடைசி நாள். அனுப்பியவர் பெயர் இருக்காது. இந்தத் தாலுகாவில் அப்படி நூல் கட்டி அனுப்புகிற பிடிவாதக்காரர் ஒருவர்தான் என்பதால் பெயர் போட வேண்டிய அவசியமும் இல்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முனுசாமி வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். கையில் ஒன்றுமில்லை.

"சுருள் எங்கப்பா? புள்ளைக்குக் கடைசி வருசப் பரிட்சைக்கு பாரம் வரணுமே" என்றேன்.

"பாய் போயிட்டாருங்க ஆயா. நேத்து சாயந்தரம். மேசைய மடக்கிக்கிட்டு இருந்தாராம், அப்படியே சாஞ்சிட்டாரு."

எனக்கு அழுகை வருவதற்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. கடைசித் தேதி, கடைசித் தேதி என்று இத்தனை வருடம் எங்கள் உயிரை வாங்கிய மனிதர், தன்னுடைய தேதியை மட்டும் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

மனு எழுதும் காதர் பாயைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் துரத்தித் துரத்திப் பரீட்சை எழுத வைத்தவர்கள் சேர்ந்து ஒரு சிறு மலர் அச்சடிக்கிறார்கள். என்னிடமும் நாலு பக்கம் கேட்டார்கள். நான் எழுதியதை வாத்தியார் ஒருவர் திருத்தித் தருவார் என்றும் சொன்னார்கள். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் அந்த ஐந்தும் ஒழுங்காகப் படித்தேன். என் எழுத்தை யாரும் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திருத்த உரிமை இருந்தவர் ஒருவர். அவரும் இப்போது இல்லை.

உங்களில் அநேகம் பேருக்கு அவரைத் தெரியும். தாலுகா ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். பட்டா மாறுதல், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் என்று ஊர்க்காரர்களுக்கு மனு எழுதுவது அவர் பிழைப்பு. பிழைப்பைத் தவிர அவருக்கு ஒரு நோய் இருந்தது. எதிரே வந்து உட்காருகிறவர் யாராக இருந்தாலும், வந்த காரியத்தைக் கேட்பதற்கு முன்னால், "எதுவரைக்கும் படிச்சீங்க? எதுக்கு நின்னீங்க?" என்று கேட்டுவிடுவார்.

என்னிடமும் கேட்டார். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நிலத்தின் பட்டாவை என் பெயருக்கு மாற்றப் போயிருந்தேன். பட்டாவுக்கும் படிப்புக்கும் என்னங்க சம்பந்தம் என்று திருப்பிக் கேட்டேன். அவர் மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார், கைநாட்டு வைக்க. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் பேனாவையே பிடுங்கி, சவேரியம்மாள் என்று முழுப் பெயரையும் எழுதினேன். அவர் கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் கேட்டார், "இவ்வளவு அழகா எழுதறவங்க வூட்ல, பாதியில நின்ன புள்ள யாராச்சும் இருக்குதாங்க?"

என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். ஊரே என்னை ஆயா என்றதால் அவரும் ஆயா என்றே கூப்பிட்டார். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

பாதியில் நின்ற பிள்ளை இருந்தாள். என் பேத்தி ஸ்டெல்லா. என் மகளுக்குப் பிறந்தவள். மகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும், ஓசூரில் இருந்த தகப்பன் வேறு கல்யாணம் செய்துகொண்டதும் ஒரே வருடத்தில் நடந்தன. ஏழு வயதில் என்னிடம் வந்தாள். எட்டாவது வரைக்கும் போனாள். ஒரு நாள் பையை மூலையில் வைத்துவிட்டு இனிமேல் போகவில்லை என்றாள். ஏன் என்று எத்தனையோ முறை கேட்டேன். சொல்லவில்லை. அப்புறம் தையல் கற்றுக்கொண்டு, ஊருக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். பட்டாவுக்குப் போன நான், பேத்தியைப் பற்றி வாயை விட்டு மாட்டிக்கொண்டேன். அடுத்த வாரமே முதல் சுருள் வந்தது.

அவர் தொல்லை எங்கள் வீட்டோடு நின்றிருந்தால் நான் பொறுத்திருப்பேன். காரிமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார். மொய் வைக்க மேடைக்குப் போனவர், மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார். பத்தாவது இங்கிலீஷில் போய்விட்டது என்று அந்தப் பையன் பழக்க தோஷத்தில் உண்மையைச் சொல்லிவிட்டான். பெண் வீட்டாரிடம் அதுவரை பத்தாவது பாஸ் என்று சொல்லி வைத்திருந்தார்கள். பந்தியில் பாதிப் பேர் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். காதர் பாயோ மேடையை விட்டு இறங்காமல், அக்டோபரில் தனியாக எழுதலாம், ஒரு பேப்பர்தானே என்று மாப்பிள்ளைக்கு விளக்கிக்கொண்டு நின்றார். அந்தப் பையன் அக்டோபரில் எழுதிப் பாஸ் செய்தான். இப்போது இந்த மலருக்குக் காகிதம் வாங்கித் தந்திருப்பது அவன்தான். இருந்தாலும் அது கேட்கிற இடமா என்று நான் இன்றைக்கும் கேட்கிறேன்.

எட்டாவதைத் தனியாக எழுதினால் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் சேரலாம், பத்தாவதைத் தனியாக எழுதினால் டைப்ரைட்டிங் முடித்து வேலைக்கு மனுப் போடலாம் என்று ஆளுக்கு ஒரு வழி வைத்திருந்தார். "முன்வாசல் சாத்தியிருந்தா வூட்டச் சுத்திக்கிட்டு வாங்க. வூடு கட்டுனவன் ஒரே ஒரு வாசலா வெச்சிருப்பான்?" என்பார். என்னையும் விடவில்லை. ஆறாவது, ஏழாவதை வீட்டிலேயே படித்துவிட்டு எட்டாவதை எழுதுங்கள் என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

ஸ்டெல்லாவுக்கு அவர் கண்டுபிடித்த வாசல்தான் எல்லாவற்றிலும் பெரியது. தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு ஏற்பாடு வந்திருந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது எதுவும் வேண்டாம். இருபத்தொரு வயது முடிந்திருந்தால் ஒரு நுழைவுத் தேர்வு எழுதலாம், அதில் தேறினால் நேரே பி.ஏ. வீட்டில் இருந்தபடியே படிக்கலாம். காதர் பாய் அந்தப் படிவத்தை எங்கள் முன்னால் விரித்து வைத்து, சிக்கு எடுப்பதுபோல ஒவ்வொரு வரியாக விரலால் நகர்த்திப் படித்துக் காட்டினார். ஸ்டெல்லா மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தையல் மெஷினில் உட்கார்ந்த இத்தனை வருடத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. நானோ இருபத்தொன்று என்று போட்டிருந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் பள்ளிக்கூடத்து டி.சி.யின்படி அவளுக்குப் பத்தொன்பது வயது.

நடந்தது இதுதான். ஏழு வயதில் வந்தவளை ஒன்றாவதில் சேர்க்கப் போனேன். அந்தக் காலத்தில் வயதுக்குச் சீட்டு எதுவும் கேட்க மாட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆயிற்று என்று கணக்கு. ஹெட்மாஸ்டர் என்ன வயது என்று கேட்டார். இரண்டு வருடம் தாமதமாகப் பள்ளிக்கு வருகிறாள் என்றால், பேத்தியைக் கவனிக்க நாதியில்லாத வீடு என்று ஊர் பேசும். ஐந்து என்று சொன்னேன். ஸ்டெல்லா கையை வளைத்தாள். அது காதைத் தாண்டிக் கன்னம் வரைக்கும் வந்தது. ஹெட்மாஸ்டர் சிரித்துக்கொண்டே, தேதி தெரியாத எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுவதுபோல ஜூன் ஒன்று என்று போட்டார். அந்த வகுப்பில் பாதிப் பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்தான். மற்ற தாய் தகப்பன்மாருக்கு உண்மையிலேயே தேதி தெரியாது. எனக்குத் தெரியும். கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் நாள், மாதம், வருடம் எல்லாம் சாமியார் கையால் எழுதியிருக்கிறது. தெரிந்தேதான் சொன்னேன்.

அது மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். படிவம் வந்த சமயத்தில் கம்பைநல்லூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. நல்ல குடும்பம், சொந்தக் கிணறு. அவர்களிடமும் பத்தொன்பது என்றே சொல்லியிருந்தேன்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. காதர் பாயிடம் தனியாக, நடந்ததைச் சொல்லிவிட்டு அதையும் சொன்னேன்.

"படிக்கவே இல்லைன்னு போட்டுடுங்க பாய். ஞானஸ்நானச் சீட்டு ஒண்ணு போதும். டி.சி.ய யாரு கேக்கப் போறாங்க?"

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"எட்டு வருசம் பள்ளிக்கூடம் போன புள்ளைங்க அது. நீங்கதான கொண்டு போயி உட்டீங்க? மொதல்ல அதுக்கிட்ட இருந்து ரெண்டு வருசத்த எடுத்தீங்க. இப்ப எட்டையும் எடுக்கறீங்களா ஆயா?"

டி.சி.யில் வயதைத் திருத்தக் கல்வி அலுவலகத்துக்கு மனுப் போட வேண்டும் என்றார். ஞானஸ்நானச் சீட்டோடு, சேர்த்தவரின் வாக்குமூலமும் வேண்டும். படிவத்துக்குக் கடைசி நாள் வர இருபது நாள் இருந்தது. சரி, எழுதுங்கள் என்றேன். அப்போதுதான் அந்த மனிதர் என்னை உண்மையாகவே படுத்தினார். ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவர், என்னுடையதை எழுத மாட்டேன் என்றார். நானே எழுத வேண்டுமாம்.

எழுதினேன். மகள் இறந்தது, மருமகன் கைவிட்டது, அந்த வருடம் மழை பொய்த்தது, நான் தனியாக நின்றது எல்லாம் சேர்த்து நாலு பக்கம். அவர் அடிஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டு அடித்தார். அடுத்த முறை இரண்டு பக்கம் கொண்டுபோனேன். அதையும் அடித்தார். மூன்றாவதில் ஹெட்மாஸ்டர் சிரித்ததை எழுதியிருந்தேன். அதைப் பார்த்ததும், "அவரு சிரிச்சதுக்கு நீங்க ஏன் சாட்சி சொல்றீங்க?" என்று அதையும் அடித்தார். மாரண்டஹள்ளிக்கும் பாலக்கோட்டுக்கும் பஸ் ஏறி இறங்கியே கால் வீங்கிவிட்டது. ஆறாவதையும் அவர் அடித்தபோது சண்டைக்கே நின்றேன். ஊரார் மனுவில் மட்டும் பரம ஏழை, நாதியற்றவள், தங்கள் பாதம் பணிந்து என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்களே, என் மனு மட்டும் என்ன பாவம் செய்தது என்று கேட்டேன்.

"அது கேக்கற மனுங்க. கேக்கறவங்க எவ்வளவு வேணாலும் எழுதலாம். இது சொல்ற மனு. சொல்றவங்களுக்கு ஒரு வரி போதும்."

அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில், என்கூட வந்திருந்த ஸ்டெல்லா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் காதர் பாயைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் வெளியே பார்த்தபடியே, எட்டாவதில் ஏன் நின்றாள் என்பதைச் சொன்னாள். வகுப்பில் அவள்தான் எல்லோரையும்விட உயரம். வயதுக்கும் வந்துவிட்டாள். கூடப் படித்த பிள்ளைகள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அக்கா என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். டீச்சரும் ஒரு நாள் சிரித்தாராம். அதற்கு அடுத்த நாள்தான் பையை மூலையில் வைத்தாள். வேறு ஒன்றுமில்லை ஆயா என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஏழாவது முறையாக எழுதினேன். 'என் பேத்தி ஸ்டெல்லாவைப் பள்ளியில் சேர்த்தபோது அவள் வயதை இரண்டு வருடம் குறைத்துச் சொன்னது நான்.' கீழே கையெழுத்து. காதர் பாய் அதைப் படித்தார். அடிஸ்கேலை எடுக்கவில்லை.

பதினான்கு வருடம் நெஞ்சில் பூட்டி வைத்திருந்ததை, நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். எல்லோரும் எழுந்து நின்று என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அங்கிருந்த குமாஸ்தா அதைப் படித்துவிட்டுக் கொட்டாவி விட்டார். "வர்றதுல பாதி இதுதாம்மா. அங்க வெச்சிட்டுப் போங்க" என்றார். கூட வந்திருந்த காதர் பாய் பின்னால் நின்று சிரித்தாரோ என்னவோ, நான் திரும்பிப் பார்க்கவில்லை. என்னுடைய பெரிய பாவத்துக்கு ஒரு மரியாதை கூட இல்லையே என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

திருத்திய டி.சி. கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் கைக்கு வந்தது. படிவம் போயிற்று. கம்பைநல்லூர்க்காரர்களிடம் பக்குவமாக நானே சொல்லிக்கொள்ளலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் தகப்பனார் ஏதோ வேலையாகப் பாலக்கோடு தாலுகா ஆபீசுக்கு வந்திருக்கிறார். மனு எழுத உட்கார்ந்தது யாருக்கு எதிரே என்று சொல்ல வேண்டியதில்லை. மாரண்டஹள்ளி சவேரியம்மாள் வீட்டைத் தெரியுமா என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். தங்கமான பெண், போன மாதம்தான் இருபத்தொன்று முடிந்தது, பல்கலைக்கழகத்துக்கு எழுதப் போகிறாள் என்று காதர் பாய் பெருமை பொங்கச் சொல்லியிருக்கிறார்.

வரன் போயிற்று. வயதையே மறைத்தவர்கள் வேறு என்னவெல்லாம் மறைத்திருப்பார்களோ என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னதாகத் தரகர் வந்து சொன்னார். நான் அடுத்த பஸ்ஸில் பாலக்கோடு போனேன். தாலுகா ஆபீசே வேடிக்கை பார்க்க, வேப்பமரத்தடியில் நின்று, என் வூட்டு விசயத்த உங்க மேசையில போட்டு ஏலம் உடாதீங்க என்று கத்தினேன். அவர் எழுந்து நின்றார். "பெருமையாத்தாங்க ஆயா சொன்னேன்" என்றார். இனிமேல் இந்த மரத்தடிக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஸ்டெல்லா அழுவாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அவள் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போறவங்க போவட்டும் ஆயா, பரிட்சை ஞாயித்துக்கிழமை என்றாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டுவிட்டுத் தர்மபுரிக்குப் பரீட்சை எழுதப் போனாள். அதற்கும் சேர்த்துக் காதர் பாயைத் திட்டினேன். தேறினாள்.

தேறியும் எரிச்சல் தீரவில்லை. பத்தாவது எழுதாமல் வாங்குவதெல்லாம் ஒரு டிகிரியா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் வீட்டில்கூட ஐந்தாவதைத் தாண்டிய பெண் கிடையாது. இது காதர் பாய் காதுக்கும் போயிருக்கிறது. நாளைக்கு யாரும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடாது என்று, பி.ஏ. படித்துக்கொண்டிருந்தவளைப் பத்தாவதையும் தனியாக எழுத வைத்தார். உலகத்தில் எங்காவது உண்டா? முதல் வருடம் பி.ஏ.வும் பத்தாவதும் ஒன்றாக எழுதினாள். அந்த வருடம் அவளும் தூங்கவில்லை, என்னையும் தூங்க விடவில்லை. இரண்டிலும் தேறினாள்.

இந்த மூன்று வருடமும் அவரிடம் ஸ்டெல்லா போவாள், வருவாள். நான் போகவில்லை. ஆனால் சுருள் மட்டும் தவறாமல் வந்தது. ஒரு முறை நான் வீம்புக்கு அதை முனுசாமியிடமே திருப்பிக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் அதே சுருள் திரும்பி வந்தது. சிவப்புத் தேதிக்குக் கீழே நீல மையில் ஒரு வரி சேர்ந்திருந்தது. 'கோபம் தனி, கடைசித் தேதி தனி.' நான் அதற்கும் பதில் சொல்லி அனுப்பவில்லை. ஆனால் சுருளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

செய்தி வந்த அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என் பெயரைச் சொன்னதும் அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆயா நீங்கதானுங்களா? கண்டக்டர் தம்பி திரும்பி வந்தா, ஆயா எதாச்சும் சொன்னாங்களான்னு கேப்பாருங்க. ஒண்ணும் சொல்லலைன்னா, பாரத்த வாங்கிக்கிட்டாங்கல்ல, போதும்பாரு."

அப்புறம் உள்ளே போய் மடக்கு மேசையின் இழுப்பறையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து வந்து தந்தார். ஒன்று, நூல் கட்டிய சுருள். ஸ்டெல்லாவின் கடைசி வருடப் பரீட்சைப் படிவம். மேலே சிவப்பில் அந்த வாரத்து வெள்ளிக்கிழமைத் தேதி. செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்கென்று தயாராக இருந்திருக்கிறது. இன்னொன்று, குண்டூசி குத்திய காகிதக் கட்டு. நான் எழுதிக்கொண்டு போய், அவர் கோடு போட்டு அடித்த ஆறு மனுக்கள். அவற்றை அவர் அன்றைக்கே கிழித்துப் போட்டிருப்பார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

படிவத்தைப் புதன்கிழமையே ஸ்டெல்லா ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டாள். பரீட்சை வருகிற மாதம். முடிவு என்ன என்று கேட்க அவர் இருக்க மாட்டார். "எதுவரைக்கும் படிச்சீங்க?" என்று யாராவது அவளிடம் கேட்டால் அவள் சொல்லிக்கொள்வாள்.

அந்த ஆறு மனுக்களும் இப்போது என் பெட்டியில், கோயில் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவைதான், அவற்றில் அவர் போட்ட கோடுகள்தான். இதை எழுத உட்கார்ந்தபோது, மூன்று வருடம் நான் ஏன் அவரைப் பார்க்கப் போகவில்லை என்பதற்கு நாலு பக்கம் எழுதினேன். கம்பைநல்லூர்க்காரர்கள் பேசிய பேச்சு, என் கால் வீக்கம், பஸ் நேரம், அவர் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம் என்பது, எல்லாம் அதில் இருந்தன. ஸ்டெல்லாவின் தையல் பெட்டியில் இருந்த அடிஸ்கேலை எடுத்து வைத்து, எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். மிஞ்சியது இது.

காதர் பாய் உயிரோடு இருந்தபோது மூன்று வருடம் அவரைப் பார்க்கப் போகாமல் இருந்தது நான்.

சவேரியம்மாள்
மாரண்டஹள்ளி